உப்புப் பார்க்க ஓர் ஆள்

உப்புப் போட்டோமா இல்லையா என்பது மஸீனாவுக்கு மறந்துபோயிற்று.

மீன் அவிக்கும்போது கட்டை உப்பு அள்ளிப் போட்டது நினைவிருக்கிறது. அதில் சந்தேகமில்லை. வெங்காயமும் பச்சைமிளகாயும் வதங்கும்போது தூளுப்புப் போத்தலை எடுத்து மூடியைத் திருகியதும் நினைவிருக்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கணவன் சரீப்பின் தம்பி சிறாஜ். புத்தளத்திலிருந்து வெளிக்கிட்டு வவுனியா தாண்டிவிட்டானாம், நோன்பு திறக்கிறதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவானாம்.

"மச்சி, இண்டைக்கு நானா ஒரு முடிவு சொல்லத்தான் வேணும். காணி கேட்ட ஆள் இனிக் காத்துக்கொண்டு இருக்க மாட்டான்" என்றான். நானா என்றது தமையன் சரீப்பை.

அவனுக்கு ஓம், ஓம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுப் பார்த்தால் போத்தல் கையில் இருக்கிறது, மூடி திறந்திருக்கிறது. போட்டுவிட்டு மூட மறந்தாளா, போடத் திறந்துவிட்டு மறந்தாளா? பிறகு கிழங்கை மசித்துக் கொட்டும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கிள்ளுப் போட்ட மாதிரியும் ஒரு ஞாபகம். அது இன்றைக்கா, நேற்றைக்கா? அதுவும் திட்டமாகத் தெரியவில்லை.

மற்ற மாதமென்றால் இதெல்லாம் ஒரு பிரச்சினையா? விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் முடிந்தது காரியம். நோன்பு மாதத்தில் அது நடக்காது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று மவ்லவி பயானில் சொல்லியிருக்கிறார்தான். மஸீனாவுக்கு அது மனசுக்கு ஒத்துவராது. துப்புகிற துப்பலில் ஒரு துளி உள்ளே போகாது என்று அவருக்கு யார் சொன்னது? சட்டியைத் தூக்கி மணந்து பார்த்தாள். மீன் மணந்தது, மிளகு மணந்தது, கறிவேப்பிலை மணந்தது. உப்புக்கு ஏது மணம்?

அறக்குளா மீன். முல்லைத்தீவுக் கடலில் விடிய இறங்கியதை வாங்கி, அவித்து, முள் எடுத்து, உருளைக்கிழங்கோடு பிசைந்து வைத்திருந்தாள். கோதுமை மா காலையிலேயே குழைத்தாயிற்று. உருண்டைகள் தட்டத்தில் எண்ணெய்க்குள் ஊறிக்கொண்டு கிடந்தன. இனிமேல் செய்ய வேண்டியது உருண்டையைப் பலகையில் வைத்து மெல்லிசாகத் தட்டி, ஒரு மூலையில் கறியை வைத்து, முக்கோணமாக மடித்து, தாச்சியில் போட்டுத் திருப்பித் திருப்பிச் சுடுவதுதான். மடித்துவிட்டால் உள்ளே இருப்பதைத் திருத்த ஏலாது. கறியில் உப்புக் கூடினால் தண்ணீர் விடலாம், தேங்காய்ப்பால் விடலாம். ரொட்டிக்குள் என்னத்தை விடுவது?

பங்குனி வெயில் கூரைத் தகட்டில் நின்று குசினி அடுப்படிக்குள் இறங்கியது. வயல் வெட்டி முடிந்து வைக்கோல் தூசு காற்றில் பறந்துகொண்டிருந்தது. மஸீனா குசினிக்கும் முற்றத்துக்குமாக நடந்தாள். ஒரு காரணமும் இல்லாமல் போனாள், ஒரு காரணமும் இல்லாமல் வந்தாள். மூத்தவள் நஸ்மியா வெங்காயத் தோலைக் கூட்டியபடி தாயைப் பார்த்தாள்.

"உம்மா, ஒரு இடத்தில இருங்கோவன். எனக்குத் தலை சுத்துது."

"நீ உப்புப் போட்டனியோ?"

"நான் சட்டிக்குக் கிட்டவே வரேல்லை."

"நான் போட்டதைக் கண்டனியோ?"

"நான் கிணத்தடியில எல்லே நிண்டனான்."

அந்தக் கறியின் உப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். மஸீனாவின் மனசு அந்தரப்பட்டது உப்புக்கு மட்டுமில்லை. இன்றைக்கு இரவு சரீப் தன் தம்பிக்கு ஓம் என்று சொன்னால் இந்த வீடு, இந்தக் கிணறு, வாப்பா வைத்த அந்தப் பலாமரம் எல்லாம் வேறு ஒருவனுடையதாகிவிடும். காணி மஸீனாவின் வாப்பாவின் காணி. ஒன்பது வயதில், சொப்பிங் பையோடு, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தத் தண்ணீரூற்று ஊரை விட்டுப் போனவள் அவள். தொண்ணூறாம் ஆண்டு, துவக்கோடு வந்தவர்கள் முஸ்லிம்கள் எல்லோரும் போங்கள் என்றார்கள், போனார்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, சண்டை முடிந்தபிறகு புருசனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது, காடு மூடிக் கிடந்த வளவில் கிணற்றுக் கட்டை வைத்துத்தான் வீடு இருந்த இடத்தையே கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட காணியை விற்றுவிட்டுப் போவோம் என்று முதலில் சொன்னது சரீப் இல்லை. அவள்தான். அழுதழுது, மூக்கைச் சிந்திச் சிந்தி, அவள்தான் சொன்னாள். சரீப் அடுத்தநாளே சிறாஜுக்குப் போன் எடுத்துவிட்டான். சொன்ன வாயால் இப்போது வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. சொன்னாலும், 'இஞ்ச எங்களுக்கு ஆர் இருக்கினம்?' என்று கேட்பான்.

வழமையாக அசர் தொழுகை நேரத்தில் உப்புப் பார்க்க வருகிறவள் பக்கத்து வளவு விமலேஸ்வரி. வேலியில் ஆள் குனிந்து வரக்கூடிய ஒரு பொட்டு இருந்தது. நோன்பு நாட்களில், கஞ்சி காய்ச்சி, கறி இறக்குகிற நேரத்துக்குச் சரியாக அந்தப் பொட்டுக்குள்ளால் விமலேஸ்வரியின் தலை தெரியும். வந்ததும் வராததுமாக உள்ளங்கையை நீட்டுவாள். அகப்பையில் எடுத்து ஒரு துளி விட வேண்டும். சுடச் சுட வாய்க்குள் போட்டு, மேலே கூரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, தீர்ப்புச் சொல்லுவாள். "ஒரு கிள்ளுப் போடு." "புளி விடு." "இதைத் தின்னிறவன் குடுத்துவைச்சவன்." ஊருக்குத் திரும்பி வந்த முதல் நோன்பிலேயே தொடங்கிய பழக்கம். அவள் நோன்பு திறக்கிற வீட்டுக்காரியா, இந்து வீட்டுக்காரியா என்ற எண்ணமே அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் இருக்காது. நாக்கு நல்ல நாக்கு. அவ்வளவுதான்.

அந்தப் பொட்டு இப்போது இல்லை. நோன்புப் பிறை காண்பதற்குக் கொஞ்ச நாளைக்கு முந்தி மஸீனாவின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் விமலேஸ்வரியின் மிளகாய்க் கன்றுகளை மொட்டையாக்கிவிட்டது. ஒரு பாத்தி மிச்சமில்லை. விமலேஸ்வரி வேலியடியில் நின்று கத்தினாள். கத்தினது சரி. ஆனால் கத்தின கத்தலில் ஒரு சொல்லையும் சேர்த்து எறிந்தாள்.

"வந்த ஆக்கள் வந்த ஆக்கள் மாதிரி இருக்க வேணும்!"

மஸீனாவுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. "ஆரக்கா வந்த ஆக்கள்? நாங்கள் இஞ்சயிருந்து போகேக்க எங்கட வீட்டுக் கதவையும் நிலையையும் கழட்டிக்கொண்டு போனது ஆர் எண்டு ஊருக்கே தெரியும்!"

விமலேஸ்வரி உள்ளே போய்விட்டாள். அன்று பின்னேரம் தன் பலசரக்குக் கடையிலிருந்து வந்த சரீப், மனைவி அழுதுகொண்டிருப்பதைக் கண்டு, ஒரு கதையும் கேட்காமல் முட்கம்பி எடுத்து வந்து அந்தப் பொட்டை இறுக்கிக் கட்டினான்.

அதற்குப் பிறகு வந்த நோன்பு நாட்களில் உப்புப் பார்த்தது சின்னவள் இஷ்ரா. ஏழு வயது. எதைக் கொடுத்தாலும் "நல்லாயிருக்கு" என்பாள். உப்பே போடாத கஞ்சியையும் ஒருநாள் நல்லாயிருக்கு என்றாள். ஆனாலும் ஒரு நாக்கு நாக்குத்தானே. இன்றைக்கு அந்த நாக்கும் இல்லை. விடிய சஹர் சாப்பாட்டுக்கு எழும்பி, தானும் நோன்பு பிடிக்கப்போவதாக ஒற்றைக் காலில் நின்று, வாழ்க்கையில் முதல் நோன்பைப் பிடித்துவிட்டாள். விறாந்தையில் பாயைப் போட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"இஷ்ரா, செல்லம், உம்மாக்கு ஒருக்கா இதை..."

"நான் நோன்பு!"

"சின்னப் பிள்ளையளுக்குக் குற்றமில்லை ராசாத்தி."

"உம்மா என்ட நோன்பை உடைக்கப் பாக்கிறா!" என்று அவள் அலறிய அலறலில் மஸீனாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளையின் முதல் நோன்பு. அதை ஒரு ரொட்டிக்காக உடைக்கச் சொன்ன தாயை என்ன சொல்வது?

அசருக்குப் பாங்கு கேட்டது. தொழுதாள். தொழுகையில் உட்கார்ந்திருக்கும்போதும் உப்புப் போத்தல்தான் கண்ணுக்குள் நின்றது. முடித்து எழும்பி, சிறு கோப்பையில் கொஞ்சக் கறியை அள்ளி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

"எங்க போறீங்கள் உம்மா?" என்றாள் நஸ்மியா.

"சும்மா."

"கோப்பையோடயோ?"

மஸீனா திரும்பிப் பார்க்கவில்லை.

விமலேஸ்வரி தன் குசினிக்குப் பின்னால், மூன்று கல் அடுப்பில் ஒரு சட்டியை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று மஸீனா கூப்பிட்டாள்.

"அக்கா."

அவள் நிமிரவில்லை.

"விமலாக்கா."

"காது கேக்குது. சொல்லு."

"உப்புப் பாக்க வேணும்."

"ஏன், உன்ர சின்னவள் எங்க?"

"அவள் நோன்பு பிடிச்சிருக்கிறாள். முதல் நோன்பு."

"ஆர், இஷ்ராவோ?" விமலேஸ்வரி சட்டென்று நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பு வந்தது, வந்த கையோடு போய்விட்டது. ஊதாங்குழலைக் கீழே வைத்தாள். "கதவு களவெடுத்தவையளிட்ட வந்து ஏன் உப்புப் பாக்கிறாய்? அவையள் உப்பையும் களவெடுத்துப்போடுவினம்."

"நான் உங்களைச் சொல்லேல்லை அக்கா."

"பின்ன ஆரைச் சொன்னனீ? வேலிக்கு இங்கால நான் ஒருத்தி மட்டும்தான் நிண்டனான்."

மஸீனா கோப்பையைப் பார்த்தாள்.

"நீங்களும் ஒரு சொல்லுச் சொன்னீங்கள்" என்றாள் மெல்ல. "வந்த ஆக்கள் எண்டு. நான் இந்த வளவில பிறந்தவள் அக்கா. என்ட தொப்புள்கொடி இஞ்சதான் கிடக்குது. புத்தளத்தில எங்களை முல்லைத்தீவாக்கள் எண்டு சொல்லிச்சினம். இஞ்ச வந்தா வந்த ஆக்கள். அப்ப நாங்கள் எந்த ஊர் ஆக்கள் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

விமலேஸ்வரி கம்பிக்குக் கிட்ட வந்தாள். அடுப்புக் கரி கையில் இருந்தது.

"சொன்னனான். இல்லையெண்டு சொல்லேல்லை. மிளகாய்க் கண்டெல்லாம் மொட்டையாக் கிடந்ததைப் பாத்தவுடன வாயில வந்ததைக் கொட்டிப்போட்டன். வந்த ஆள் எண்டு பாத்தா நான்தான் வந்த ஆள். என்ர அப்பர் வதிரியிலயிருந்து முத்தையன்கட்டுக் குளத்துக் காணிக்கு வரேக்க நான் கைக்குழந்தை. இந்த ஊருக்கு நான் கலியாணம் கட்டி வந்தனான். நீ பிறந்தனீ. எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கினாள். "ஆனா அந்தக் கதவுக் கதை... மஸீனா, ரெண்டாயிரத்தி ஒன்பதாம் ஆண்டு சண்டைக்குள்ள நாங்கள் வெளிக்கிடேக்க நான் என்ர வீட்டுக் கதவைப் பூட்டிப்போட்டுத்தான் போனனான். திறப்பைச் சட்டைக்குள்ள வைச்சிருந்தனான். செட்டிகுளம் முகாமிலயும் வைச்சிருந்தனான். திரும்பி வரேக்க அந்தத் திறப்பு மட்டும்தான் என்னட்ட இருந்தது. கதவும் இல்லை, வீடும் இல்லை, என்ர சாருஜனும் இல்லை. என்னட்டப் போய்க் கதவைக் கேக்கிறாய்."

சாருஜன் அவளுடைய ஒரே மகன். அவனைப் பற்றி விமலேஸ்வரி தானாக வாய் திறந்து சொல்லி மஸீனா கேட்டதே இல்லை. மஸீனாவுக்குக் கண் நிரம்பிவிட்டது.

"பிழை அக்கா. நான் கதைச்சது பெரிய பிழை."

"சரி, அழாத. நோன்போட அழுதா இன்னும் தண்ணி விடாய்க்கும்."

"அவர் காணியை விக்கப்போறார். சிறாஜ் வந்துகொண்டிருக்கிறான். இரவைக்குச் சொல்லப்போறார்."

விமலேஸ்வரி தன் வளவைப் பார்த்தாள், மொட்டையாய்க் கிடந்த பாத்தியைப் பார்த்தாள், பிறகு மஸீனாவின் பக்கத்துப் பலாமரத்தைப் பார்த்தாள். கரிக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, முட்கம்பிக்கு நடுவால் உள்ளங்கையை நீட்டினாள்.

"கொண்டா இஞ்ச."

மஸீனா கரண்டியால் எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். விமலேஸ்வரி உடனே வாயில் போடவில்லை. கையைப் பார்த்தபடி நின்றாள். வழமையைவிடக் கூடுதல் நேரம் நின்றாள். இன்னும் கோபம் போகவில்லை என்று மஸீனா நினைத்தாள். பிறகு ஒரே வீச்சில் வாய்க்குள் போட்டு, மேலே ஆகாயத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"ஐயோ பிள்ளை! இது என்ன, கருவாடு போடப்போறியோ? ரெண்டு தரம் போட்டிருக்கிறாய்."

"நான் நினைச்சனான்! நினைச்சனான் அக்கா! இப்ப என்ன செய்யிறது? கிழங்கு அவிக்க நேரமில்லை."

"நில்லு."

விமலேஸ்வரி அடுப்பிலிருந்த சட்டியை இறக்கித் தண்ணீரை வடித்தாள். உள்ளே உருளைக்கிழங்கு, அப்போதுதான் வெந்தது, தோல் வெடித்திருந்தது. அத்தனையையும் ஒரு சுளகில் கொட்டி, கம்பிக்கு மேலால் கொடுத்தாள்.

"உப்பில்லாமல் அவிச்சது. சூட்டோட மசிச்சுச் சேர். மாவுக்கும் உப்புப் போட்டனீதானே? அப்ப இது காணும். தேசிக்காய் கொஞ்சம் புளிஞ்சு விடு."

"உங்கட கறிக்கு அக்கா?"

"எங்களுக்கு ஒரு பூசணிக்காய் கிடக்கு. ஓடு, நேரம் போகுது."

மஸீனா சுளகோடு ஓடினாள்.

அதற்குப் பிறகு குசினியில் வேலை பறந்தது. நஸ்மியா கிழங்கை உரித்து மசித்தாள், விரல் சுட்டுச் சுட்டு ஊதினாள். மஸீனா எண்ணெய் பூசிய பலகையில் உருண்டையை வைத்து, உள்ளங்கையால் அமத்தி, விரலால் இழுத்து, மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக்கினாள். மூலையில் கறி, ஒரு மடிப்பு, மறு மடிப்பு, கடைசியில் வாலை உள்ளே செருகித் தாச்சியில் போட்டாள். முகம் இரண்டும் சிவந்தபிறகு, ஓரங்களை நிறுத்தி வைத்துச் சுட வேண்டும். ஓரம் வேகாவிட்டால் மா பச்சையாய் நிற்கும். அதுவரை குசினிக்கும் முற்றத்துக்குமாக நடந்த கால்கள் இப்போது அடுப்படியில் நின்றன. கை ஓடியது. மனசும் கொஞ்சம் நின்ற மாதிரித்தான் இருந்தது.

அந்த நேரத்தில் பக்கத்து வளவுக் கிணற்றில் வாளி விழுந்த சத்தம் கேட்டது. தண்ணீரைத் தலையில் ஊற்றுகிற சத்தம். ஒரு வாளி, இன்னொரு வாளி, இன்னொன்று.

"விமலா மாமி விடியவும் குளிச்சவா" என்றாள் நஸ்மியா. "திரும்பவும் தலை முழுகிறா. ஏன் உம்மா?"

"வெக்கைக்குத்தான்."

நஸ்மியா கையை நிறுத்தினாள். கிழங்குத் தோலைப் பார்த்தாள்.

"உம்மா. இண்டைக்குத் திங்கக்கிழமை."

"அதுக்கென்ன?"

"பங்குனித் திங்கள் உம்மா! அவா விரதமெல்லே. பச்சைத் தண்ணியும் குடிக்காம, பொழுதுபட அம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்கித்தானே சாப்பிடுவா. போன வருசமும் திங்களில அவா உப்புப் பாக்க வரேல்லை, நீங்களும் கறி வைக்காமல் கஞ்சியோட விட்டீங்களே!"

மஸீனாவின் கையிலிருந்த மா பலகையில் விழுந்தது. தெரியும். வருசா வருசம் தெரிந்த விசயம். பங்குனித் திங்கள் விரதமென்றால் மீன் சட்டி விமலேஸ்வரியின் வேலிப் பக்கமே போகாது. அந்தரத்தில் நாளும் கிழமையும் மறந்து, விரதக்காரியின் உள்ளங்கையில் அறக்குளா மீனை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் கையைப் பார்த்தபடி நின்ற அந்த நேரம் இப்போதுதான் மஸீனாவுக்கு விளங்கியது.

"அல்லாஹ்வே!" என்று சொல்லிக்கொண்டு வேலிக்கு ஓடினாள்.

விமலேஸ்வரியின் புருசன் நடராசா வாசல் படலையடியில் மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். பின்னால் விமலேஸ்வரி, ஈரத் தலைமுடியின் நுனியை முடிந்து, திருநீறு பூசி, பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு ஏறியிருந்தாள்.

"அக்கா! நீங்கள் விரதமெல்லே! ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் மறந்துபோனன் அக்கா, சத்தியமா மறந்துபோனன்!"

நடராசா ஒன்றும் விளங்காமல் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். விமலேஸ்வரி பானையை இறுக்கிப் பிடித்தாள்.

"அது எனக்கும் அம்மாளுக்கும் உள்ள கதை. நான் கதைச்சுக்கொள்ளுறன். நீ ரொட்டியைப் பார், கருகிற மணம் வருது."

மோட்டார்சைக்கிள் புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று. தாச்சியில் ஒரு ரொட்டி உண்மையாகவே கருகியிருந்தது.

சிறாஜும் சரீப்பும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். சிறாஜ் பயணக் களைப்பில் முகம் கழுவிக்கொண்டு வந்து பாயில் இருந்தான். இஷ்ரா எல்லோருக்கும் முன்னால் இருந்து, பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கமே காதைக் கொடுத்திருந்தாள். பாங்கு சொன்னதும் பழத்தை விழுங்கி, தண்ணீரைக் குடித்து, கஞ்சியை ஒதுக்கிவிட்டு ரொட்டியைத்தான் எடுத்தாள்.

"உப்பு நல்லாயிருக்கு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சிறாஜ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "மச்சி, இந்தக் கையை வைச்சுக்கொண்டு இந்தக் காட்டுக்குள்ள ஏன் கிடக்கிறீங்கள்? புத்தளத்துக்கு வந்தா பின்னேரத்தில வாசலில ஒரு மேசை போட்டு ரொட்டி வித்தாலே காணும்" என்றான்.

சரீப் ஒன்றைத் தின்று முடித்து இரண்டாவதை எடுத்தான். ஒரு கடி கடித்துவிட்டு மனைவியைப் பார்த்தான்.

"சரியான உப்பு. இஷ்ராவும் நோன்பு. ஆர் பாத்தது?"

மஸீனா கஞ்சிக் கோப்பையைத் துடைத்தாள். துடைத்த கோப்பையையே திரும்பவும் துடைத்தாள்.

"விமலாக்கா."

சரீப்பின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. "இது மீன் ரொட்டி."

"ஓம்."

"இண்டைக்கு."

"நான் மறந்துபோய்க் குடுத்திட்டன். அவா சொல்லேல்லை. வாங்கித் தின்னவா. தன்ட விரதக் கறிக்கு அவிச்ச கிழங்கையும் தூக்கித் தந்தவா. பிறகு போய்த் தலை முழுகிப்போட்டுக் கோயிலுக்குப் போனவா."

சிறாஜ் தமையனையும் மச்சியையும் பார்த்தான். "என்ன நானா? என்ன நடந்தது?"

சரீப் ரொட்டியைத் தட்டில் வைத்தான். "விடிய நடராசா அண்ணைக்குச் சர்க்கரையும் பயறும் நிறுத்துக் குடுத்தது நான்தான். என்னோட கதைக்கேல்லை, ஆனா வேற கடைக்குப் போகேல்லை. பங்குனித் திங்களுக்குப் பொங்குறதுக்கு. அந்த மனிசி பிடிக்கிற விரதம் உனக்குத் தெரியாது தம்பி. ஷெல் விழுந்துகொண்டிருக்கேக்க, பங்கருக்குள்ள இருந்தும் விடாத விரதம். நடராசா அண்ணை ஒருக்கா எனக்குச் சொன்னவர். மகன் செத்து அடுத்த கிழமையும் பிடிச்சவவாம்."

சிறாஜும் ரொட்டியைத் தட்டில் வைத்தான். இஷ்ரா மட்டும் மூன்றாவது ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள்.

மஃரிப் தொழுது முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது சிறாஜ் திரும்பவும் கதையைத் தொடக்கினான். குரலில் முந்தின உறுதி இல்லை.

"அப்ப நானா, அந்த ஆளுக்கு நான் என்ன சொல்ல?"

"என்னட்ட ஏன் கேக்கிறாய்? காணி உன்ட மச்சியிட வாப்பாட காணி. அவவிட்டக் கேள்."

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். மஸீனாவுக்குக் காது சுட்டது.

"விக்கேல்லை" என்றாள்.

"அண்டைக்கு அழுதழுது, போயிடுவம், போயிடுவம் எண்டது ஆர்?" என்றான் சரீப்.

"நான்தான். அண்டைக்கு அது சரி. இண்டைக்கு விக்கேல்லை."

சரீப் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு, எழும்பிப் போய் அலுமாரிக்கு மேலே கிடந்த கம்பி வெட்டும் குறட்டை எடுத்தான். டோர்ச்சை இஷ்ராவின் கையில் கொடுத்தான். மஸீனாவோடு மூன்று பேருமாக வேலிக்குப் போனார்கள். நோன்புக்கு முந்தி ஆத்திரத்தில் கட்டிய கட்டு. ஒவ்வொரு முறுக்கையும் அவிழ்க்க அவனுக்கே வியர்த்தது. ஒரு முள் விரலைக் கிழித்தது. "கட்டினவனைச் சொல்ல வேணும்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

கடைசிக் கம்பியை வெட்டும்போது மறுபக்கம் மோட்டார்சைக்கிள் வெளிச்சம் திரும்பியது. விமலேஸ்வரி இறங்கி, குசினிக்குள் போய், வாழையிலையால் மூடிய ஒரு சட்டியோடு வேலிக்கு வந்தாள். வெட்டிய கம்பியையும், சரீப்பின் கையில் இருந்த குறட்டையும், டோர்ச் பிடித்திருந்த இஷ்ராவையும் பார்த்தாள். பொட்டுக்குள்ளால் குனிந்து சட்டியை நீட்டினாள்.

"பொங்கல். அம்மாளுக்குப் படைக்க முந்தியே உங்களுக்கெண்டு எடுத்து வைச்சனான், யோசிக்காமல் தின்னுங்கோ. சர்க்கரைப் பொங்கல், உப்புப் பாக்கத் தேவையில்லை. நோன்பு பிடிச்ச சின்னப் பெட்டைக்கு முதல் குடு."

மஸீனா சட்டியை வாங்கினாள். சூடு கையில் பட்டது. நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல் அந்த இடத்துக்குப் போதாது என்று பட்டது. அழுகைதான் வந்தது.

விமலேஸ்வரி அதற்குள் நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்துவிட்டாள்.

"பொட்டைத் திறந்தது சரி. நாளைக்கு நான் திரும்ப மிளகாய்க் கண்டு வைக்கப்போறன். அந்த ஆட்டை ஆர் கட்டுறது?"

"நான் கட்டுறன் அக்கா" என்று சொல்லி, நஸ்மியாவைக் கூப்பிட்டுப் பொங்கல் சட்டியைக் கொடுத்துவிட்டு, மஸீனா அந்த இருட்டிலேயே ஆட்டைத் தேடிக்கொண்டு போனாள்.